பூவை விற்காதீர்கள், மரத்தைப் பாருங்கள்



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. வளவில் ஒரு மாமரமாவது நிற்கிறவர்களும், மாங்காய் யாவாரம் செய்கிற தம்பிமாரும் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இந்த வருடம் நமதூரில் மாமரங்கள் கார்த்திகையிலேயே பூத்துவிட்டன. வழக்கமாக மாரி ஓய்ந்து, தை பிறந்து, வெயில் கொஞ்சம் ஏறிய பிறகுதான் நம் வளவுகளில் மாம்பூ வாசம் வரும். மாசி முடிவதற்குள் பிஞ்சு தெரியும். கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் பழம் விழும். இம்முறை அந்தக் கணக்குத் தப்பிவிட்டது. வாட்ஸ்அப் குழுமங்களில் பூத்த மரத்தின் படங்களைப் போட்டு "மாஷா அல்லாஹ்" என்று எழுதுகிறார்கள். இன்னும் சிலர், காலம் தப்பிப் பூத்தால் வீட்டுக்கு ஆகாது, யாரோ கண்ணூறு போட்டுவிட்டார்கள் என்கிறார்கள். யாவாரிமார் இதற்கிடையில் முற்பணத்தோடு படலையைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முந்திப் பூத்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பூவை நம்பி யாரும் காசு வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. இந்த நேரத்தில் நமது கவனம் பூவில் இருக்கக் கூடாது, மரத்தில் இருக்க வேண்டும்.

ஏன் முந்திப் பூத்தது?

மாமரத்தின் கிளை நுனியில் இருக்கும் மொட்டு, தான் இலையாக வேண்டுமா பூவாக வேண்டுமா என்பதை முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருப்பதில்லை. கிளை நன்றாக முற்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு குளிரோ வறட்சியோ வந்து மரத்தின் வளர்ச்சியைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைக்க வேண்டும். அப்படி நின்ற மரம் மீண்டும் துளிர்க்கும்போது இலைக்குப் பதிலாகப் பூவை விடும். இந்தியாவின் வடபகுதி போன்ற இடங்களில் இந்த வேலையைக் குளிர் செய்கிறது. நமது கரையோரத்தில் அந்த அளவுக்குக் குளிர் கிடையாது. இங்கே பெரும்பாலும் வறட்சிதான் அந்த வேலையைச் செய்கிறது.

இம்முறை நடந்ததை எல்லோரும் பார்த்தோம். ஐப்பசியில் வரவேண்டிய மழை பிந்தியது. கிணறுகள் இறங்கின. முற்றிய கிளைகளோடு நின்ற மரங்கள் அந்த வறட்சியையே தங்கள் பருவமாக எடுத்துக்கொண்டன. முதல் மழை விழுந்ததும் பூவை விட்டன. அதன் பின்னால் உண்மையான மாரி வந்து, விரிந்த பூவின் மேல் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இதில் கண்ணூறும் இல்லை, அபசகுனமும் இல்லை. மரம் அல்லாஹ் அதற்கு அமைத்த இயல்பின்படி நடந்திருக்கிறது. மாறியது மழையின் ஒழுங்கு.

இது நமதூர் மாமரத்துக்கு மட்டும் வந்த சோதனை என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானின் கியோட்டோ நகரில் செரி மரங்கள் முழுமையாகப் பூக்கும் நாளை 9ஆம் நூற்றாண்டிலிருந்தே அரசவையினரும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு அந்த நாள் மார்ச் 26. அவர்களுடைய 1,200 வருடப் பதிவில் அதுவரை அவ்வளவு முந்திப் பூத்ததில்லை. அதற்கு முந்திய சாதனை 1409ஆம் ஆண்டின் மார்ச் 27.

முந்திப் பூப்பதால் வரும் நட்டத்துக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் ஒரு உதாரணம். 2012 மார்ச்சில் அங்கே கோடை போல வெயில் அடித்தது. அப்பிள் மரங்கள் வாரக்கணக்கில் முந்தி மொட்டு விட்டன. ஏப்ரலில் உறைபனி திரும்ப வந்தது. அந்த வருடம் அந்த மாநிலத்தின் அப்பிள் விளைச்சலில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. பூத்தபோது எல்லா மரமும் அழகாகத்தான் இருந்தது.

குளிர் நாடுகளில் சட்டியில் போன்சாய் மரம் வளர்க்கிறவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. குளிர்காலம் சூடாகப் போனால் ஜனவரியிலேயே மொட்டு வெடித்துவிடும். வெடித்த மொட்டை மீண்டும் மூட வைக்க யாராலும் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் அப்போது பசளை போடுவதில்லை. சூடான அறைக்குள் கொண்டுபோய் வைப்பதும் இல்லை. பகலில் குளிர்ச்சியான வெளிச்சத்தில் வைப்பார்கள். உறைபனி விழும் இரவுகளில் மட்டும் சூடேற்றாத கொட்டகைக்குள் எடுத்து வைப்பார்கள். மரத்தை மேலும் அவசரப்படுத்தாமல், அடுத்த ஆபத்திலிருந்து காப்பாற்றுவது மட்டும்தான் அவர்களுடைய வேலை. நமது மாமரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் வைக்க முடியாது. ஆனால் அந்தப் பொறுமை நமக்கும் பொருந்தும்.

மழைக்குள் பூத்த பூவுக்கு என்ன நடக்கும்?

ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்க்கக்கூடிய பூக்கள் ஒரு பங்குதான். நல்ல காலத்திலேயே நூறு பூவில் ஒன்று கூடப் பழமாக முற்றுவதில்லை.

அந்த மகரந்தத்தைச் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்களும் சிறு பூச்சிகளும். விடாது மழை பெய்தால் அவை பறப்பதில்லை. மகரந்தமும் கழுவுண்டு போகும். ஈரம் காயாமல் இருந்தால் அந்திரக்னோஸ் என்கிற பங்கசு நோய் வந்து பூங்கொத்தைக் கறுப்பாக்கிவிடும். "பூ கருகிப் போச்சு" என்று நம் மூத்தம்மாமார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தப்பிப் பிழைத்த பூவைத் தத்துப்பூச்சி உறிஞ்சும். அது விடும் பிசுபிசுப்பான கழிவில் கரிப் பூஞ்சணம் படர்ந்து இலையெல்லாம் கறுக்கும்.

பூவிலிருந்து பழம் வர ஏறக்குறைய நூறிலிருந்து நூற்றிருபது நாட்கள் செல்லும். அதாவது இன்றைக்கு நீங்கள் படம் எடுத்துப் போட்ட பூவுக்கும், நாளைக்குச் சந்தைக்குப் போகும் பழத்துக்கும் நடுவில் ஒரு முழு மாரி கிடக்கிறது. 2024 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வெள்ளம் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மாரி எப்போது முடியும், எப்படி முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத காலம் இது.

இப்போது காசுக்கு வருவோம்

நமதூரில் மரத்தைப் பூவிலேயே விலை பேசுவது நெடுநாள் பழக்கம். யாவாரி வருவார், மரத்தை அண்ணாந்து பார்ப்பார், ஒரு தொகை சொல்வார், முற்பணம் கொடுப்பார். மீதி காய் பறிக்கும்போது. மழை தன் நேரத்துக்கு வந்து தன் நேரத்துக்குப் போன காலத்தில் இதில் பெரிய சண்டை வரவில்லை. பூவைப் பார்த்து காயைக் கணிக்கத் தெரிந்த அனுபவசாலிகள் இருந்தார்கள். அந்தக் கணிப்பு இப்போது செல்லாது.

இதில் மாட்டிக்கொள்கிற இரண்டு பேரையும் நமக்குத் தெரியும். ஒரு பக்கம், கணவர் மௌத்தாகி, மூன்று மரத்தின் வருமானத்தை நம்பி இருக்கும் ஒரு மாமி. மற்றப் பக்கம், மனைவியின் நகையை அடகு வைத்து முற்பணம் கொடுத்த ஒரு தம்பி. ஒரு பேச்சுக்கு, மூன்று மரத்துக்கும் 30,000 ரூபா என்று பேசி 10,000 ரூபா கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பூ கருகிவிட்டது. தம்பி காசைத் திருப்பிக் கேட்கிறார். மாமி அதைப் பிள்ளையின் கொப்பி, சப்பாத்துக்கும் கூரை ஓட்டுக்கும் செலவழித்துவிட்டார். யார் கள்ளன்? இரண்டு பேருமே இல்லை. ஆனாலும் இரண்டு குடும்பமும் ஒரு வருடம் கதைக்காமல் இருக்கும். ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். விளக்கம் தீர்க்கப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போவார்கள். ஒவ்வொரு வருடமும் இந்தக் கதை நம் காதில் விழுகிறது.

மார்க்கம் இதை எப்போதோ சொல்லிவிட்டது. பழம் பயன்தரும் நிலை வெளிப்படும் முன் அதை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்தத் தடை விற்பவருக்கும் உண்டு, வாங்குபவருக்கும் உண்டு. இதை நாம் கவனிக்க வேண்டும். ஏனென்றால் நம்மில் பலர் இதை யாவாரியின் தவறாக மட்டும் பார்க்கிறோம்.

இந்தத் தடையின் பின்னணியை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் விளக்கியதும் புஹாரியில் பதிவாகி இருக்கிறது. மதீனாவில் மக்கள் பழத்தை முன்கூட்டியே வாங்கி விற்றார்கள். அறுவடை வந்து காசு கேட்கும்போது வாங்கியவர், பழத்தில் இந்த நோய் விழுந்தது, அந்த நோய் விழுந்தது என்று சொல்வார். அந்தக் காலத்தில் பேரீச்சைக்கு வந்த நோய்களின் பெயர்கள்கூட அந்த அறிவிப்பில் வருகின்றன. வழக்குகள் கூடிக்கொண்டே போனபோதுதான் பழம் பக்குவப்படும்வரை விற்காதீர்கள் என்று நபியவர்கள் ஆலோசனை சொன்னார்கள். வாசிக்கும்போது நமதூர் மாங்காய்ச் சண்டையைப் பற்றித்தான் சொல்கிறார்களோ என்று தோன்றும்.

அதே இடத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஸைத் (ரலி) அவர்கள் தம் தோட்டத்துப் பழத்தை ஸுரய்யா நட்சத்திரக் கூட்டம் உதித்து, மஞ்சள் பழமும் சிவப்புப் பழமும் பிரித்தறியத் தெரியும்வரை விற்க மாட்டார்கள். ஸுரய்யா என்பது நாம் கார்த்திகைக் கூட்டம் என்று சொல்கிற அதே வெள்ளிகள்தான். அது விடியற்காலையில் உதிக்கும் காலம் கோடையின் தொடக்கம். அதாவது பழத்துக்கு ஆபத்தான காலம் கடந்துவிட்டதை வானத்தையும் பார்த்து, மரத்தையும் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவர்கள் விலை பேசினார்கள்.

அல்லாஹ் அந்தப் பழத்தைத் தடுத்துவிட்டால் எந்த உரிமையில் உன் சகோதரனின் பணத்தை எடுப்பாய் என்ற கருத்தில் நபியவர்கள் கேட்டதும் ஆதாரபூர்வமான ஹதீஸில் இருக்கிறது. முற்பணம் வாங்குவதற்கு முன் விற்கிறவர் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைத் தன்னிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

உடனே பறிப்பது என்ற நிபந்தனையோடு பச்சை மாங்காயை அச்சாறுக்கு விற்பதற்கு உலமாக்கள் அனுமதி சொல்லியிருக்கிறார்கள். அது வேறு விடயம். அதன் விரிவான சட்டங்களை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பாடசாலை ஆசிரியர்கள், ஃபத்வா சொல்ல வரவில்லை.

"சொல்வது சரிதான், ஆனால் காசு இப்போதுதானே தேவை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாரியில் தொழில் இல்லை, கடலுக்குப் போக முடியாது, புதுத் தவணைக்குப் பிள்ளைகளின் செலவு இருக்கிறது. அதனால்தான் மாமி பூவை விற்கிறார், ஆசையால் இல்லை. அதற்கு மூன்று வழிகளை முன்வைக்கிறோம்.

ஒன்று, பங்கு. யாவாரி அல்லது தோட்ட வேலை தெரிந்த ஒருவர் மரத்தைப் பராமரிப்பது, விளைந்ததை இருவரும் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வது. கைபர் நிலத்தையும் மரங்களையும் விளைச்சலில் பாதிக்கு என்று நபியவர்கள் அங்கிருந்தவர்களிடம் ஒப்படைத்தது தெரிந்த வரலாறு. விளைந்தால் இருவருக்கும், விளையாவிட்டால் யாருக்கும் கடன் இல்லை. மாமரத்துக்கு இதை எப்படிச் செய்வது என்பதை உலமாக்களிடம் கேட்டு, இரண்டு சாட்சிகளோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு, கடன் என்றால் கடன் என்றே வாங்குங்கள். யாவாரி நல்ல மனதோடு 10,000 ரூபா கொடுக்கிறார் என்றால், அதை மரத்தின் விலையோடு முடிச்சுப் போடாமல் தனிக் கடனாக எழுதுங்கள். காய் முற்றிய பிறகு விலையைத் தனியாகப் பேசுங்கள். கடன் கொடுத்ததற்காக விலையைக் குறைக்கச் சொல்லக் கூடாது.

மூன்று, பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்கழியிலிருந்து வைகாசி வரை, மரத்தை நம்பி இருக்கும் விதவைகளுக்கும் வயோதிபர்களுக்கும் சிறு தொகையை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க ஒரு நிதியை ஒதுக்குங்கள். காய்ச் சண்டையைத் தீர்க்க நீங்கள் செலவழிக்கும் இரவுகளை விட இது இலேசான வேலை.

மரத்துக்கு இப்போது என்ன செய்வது?

பேரீச்சைக்கு மகரந்தம் சேர்க்கும் விடயத்தில் உங்கள் உலகக் காரியங்களை நீங்களே நன்கு அறிவீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னது நமக்குத் தெரியும். தெரிந்தவரிடம் கேட்டுச் செய்வதுதான் சரியான வழி. கமநல சேவை நிலையத்துக்குப் போனால் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பொதுவாக எல்லோரும் செய்யக்கூடியவற்றை இங்கே எழுதுகிறோம்.

1. தண்ணீர் தேங்க விடாதீர்கள். இப்போது மரத்துக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி மண்வெட்டியால்தான். அடிமரத்தைச் சுற்றிக் குழியாக இருந்தால் மண் போட்டு மேடாக்குங்கள். ஒரு சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விடுங்கள். முன்பு வேலி இருந்த இடமெல்லாம் இப்போது மதில். மணல் மண்ணாக இருந்தாலும் மதிலுக்குள் தண்ணீர் நாட்கணக்கில் நிற்கிறது. மதிலின் அடியில் தண்ணீர் போக ஒரு துவாரம் வையுங்கள். அது அடுத்த வீட்டாரின் வளவுக்குள் போகாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. யூரியா போடாதீர்கள். பூத்த மரத்துக்குச் சத்து வேண்டும் என்று நினைத்துச் சிலர் இப்போது பசளை போடுகிறார்கள். யூரியா இலையைத்தான் தள்ளும். புது இலை வந்தால் பூ கொட்டும். பசளை, சாணம், கூட்டெரு எல்லாம் காய் பறித்து முடிந்த பிறகு.

3. நட்டு மூன்று, நான்கு வருடம் ஆகாத ஒட்டு மரம் பூத்திருந்தால் அந்தப் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது. ஆனால் அந்த வயதில் காய்த்தால் கிளை வளராது. ரிஜேசி கன்றுகளை வாங்கி நட்டவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அவை சின்ன வயதிலேயே பூத்து ஆசை காட்டும்.

4. கறுத்துப் போன பூங்கொத்தைக் கைக்கு எட்டும்வரை வெட்டி எடுத்துப் புதையுங்கள். மரத்தடியில் போட்டால் நோய் அங்கேயே இருந்து மறுபடி ஏறும். விழுந்த இலைகளையும் கூட்டி எடுங்கள்.

5. விரிந்த பூவுக்குப் பூச்சி மருந்து அடிக்காதீர்கள். தத்துப்பூச்சி சாவதோடு மகரந்தம் சேர்க்கும் ஈயும் செத்துவிடும். பிறகு பூ இருந்தும் காய் இருக்காது. பங்கசுநாசினி அடிப்பதானாலும் எது, எவ்வளவு, எப்போது என்று போதனாசிரியரிடம் கேட்டுத்தான். நமது வளவில் மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். மணலில் ஊற்றியது கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. அந்தத் தண்ணீரில்தான் நாம் உளூச் செய்கிறோம், சோறு ஆக்குகிறோம்.

6. பூக்க வைக்கும் மருந்துகளில் விளையாடாதீர்கள். பக்லோபியூட்ரசோல் என்ற மருந்தை வேரில் ஊற்றினால் மரம் பூக்கும் என்று யாவாரிமார் சிலர் சொல்கிறார்கள். பூக்கும், உண்மைதான். அது மரத்தின் வளர்ச்சியைக் கட்டிப்போடும் மருந்து. மண்ணில் நெடுநாள் தங்கும். பெரிய தோட்டக்காரர் அளவறிந்து பாவிப்பது வேறு, பத்துப் பேர்ச் வளவில் கிணற்றுக்குப் பக்கத்தில் போத்தல் மூடியால் அளந்து ஊற்றுவது வேறு.

7. பொறுத்திருங்கள். எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் பூப்பதில்லை. இப்போது பூக்காத கிளைகள் தை, மாசியில் பூக்கலாம். முதல் பூங்கொத்து கருகிப் போன கிளையிலும் அதற்குக் கீழே இருக்கும் கணுக்களிலிருந்து இன்னொரு பூ வருவது உண்டு. அதற்கு மரத்தில் பலம் மிஞ்சி இருக்க வேண்டும். மேலே சொன்ன ஆறும் அந்தப் பலத்தைக் காப்பாற்றத்தான்.

வெட்டாதீர்கள்

எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இரண்டு வருடம் பூத்துக் காய்க்காமல் விட்டால், "இது பொய்ப் பூ பூக்கிற மரம்" என்று பெயர் வைத்து, மூன்றாம் வருடம் வெட்டிவிடுகிறார்கள். இலை கொட்டிக் குப்பை, வேர் மதிலை வெடிக்க வைக்கிறது, அந்த இடத்தில் கராஜ் கட்டலாம் என்று காரணங்கள் வரிசையாக வரும். காய்த்துக்கொண்டிருந்த வரைக்கும் இந்தக் காரணங்கள் ஒன்றும் யாருக்கும் நினைவு வரவில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். தென்னை எல்லாம் ஒரே இரவில் சாய்ந்து, ஊர் வெட்டவெளியாகிப் போனதை அவர்களிடம் கேளுங்கள். நிழல் என்றால் என்ன என்பது நிழல் இல்லாமல் இருந்தவருக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்கள், காயைப் பேரப்பிள்ளைகள் தின்னட்டும் என்றுதான் நட்டார்கள். அப்படி வளர்ந்த ஒரு கறுத்தக்கொழும்பானையோ அம்பலவியையோ விளையாத இரண்டு வருடத்துக்காக ஒரு காலைப்பொழுதில் இயந்திர வாளால் அறுத்துப் போடுவது நியாயமா?

மாமரம் ஒரு வருடம் நிறையக் காய்த்தால் அடுத்த வருடம் குறைப்பது அதன் இயல்பு. அதோடு பருவமும் குழம்பினால் இரண்டு, மூன்று வருடம் ஏமாற்றத்தான் செய்யும். கச்சான் வெயிலில் கூரை ஓடு கொதிக்கும்போது அந்த மரம்தான் வீட்டைக் காக்கிறது. அணில், கிளி, வௌவால் தின்பதும் நமக்கு ஸதகாதான். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ எது தின்றாலும் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஹதீஸ். பிள்ளை அதை மனப்பாடம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாப்பா மரம் அறுக்க ஆள் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதை அந்தப் பிள்ளை நம்பும்?

மரம் பழுதாகி வீட்டின் மேல் விழப்போகிறது என்றால் வெட்டத்தான் வேண்டும். அதில் வாதம் இல்லை. காய்க்கவில்லை என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. வெட்டியே ஆக வேண்டியவர்கள், வெட்டும் முன் இரண்டு கன்றை நட்டுவிட்டு வெட்டுங்கள்.

பிள்ளைகளின் கையில் ஒரு கொப்பி

கியோட்டோக்காரர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன் எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு, இப்படி முன்பு நடக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடிகிறது. நம்மிடம் இருப்பது ஞாபகம் மட்டும்தான். "அந்தக் காலத்தில் தையில் பூக்கும்" என்று ஒருவர் சொன்னால், "இல்லை, மார்கழியிலேயே பூத்திருக்கிறது" என்று இன்னொருவர் சொல்வார். இருவரிடமும் எழுத்து இல்லை.

ஆகவே பெற்றோரிடம் ஒரு சிறு வேண்டுகோள். இந்த வருடத்திலிருந்து வீட்டில் ஒரு பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். மரத்தின் இனம், முதல் பூ தெரிந்த திகதி, பெருமழை பெய்த நாட்கள், பூ கருகிய திகதி, முதல் பிஞ்சு, முதல் பழம். இவ்வளவு போதும். ஒரு வருடத்துக்கு அரைப் பக்கம் வராது. நாங்களும் பாடசாலைத் தோட்டத்தில் நிற்கும் மரங்களுக்கு மாணவர்களைக் கொண்டு இதையே எழுதப் போகிறோம். பத்து வருடம் கழித்து மழை எப்படி மாறியிருக்கிறது என்று யாரும் வெளியிலிருந்து வந்து நமக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த இனம் இந்த மாற்றத்தைத் தாங்குகிறது, எதை நடலாம் என்பதும் நமக்கே விளங்கும். யாவாரிமாருக்கும் பூவைப் பார்த்துச் சூதாடுவதை விட அந்தக் கொப்பி பயன்படும்.

கடைசியாக, முற்பணம் ஏற்கனவே கை மாறிவிட்ட வீடுகளுக்கு ஒரு வார்த்தை. காய் பறிக்கும் நாள் வரை காத்திருக்காமல் இப்போதே இருவரும் உட்கார்ந்து கதையுங்கள். பூ கருகினால் என்ன செய்வது என்று இன்றைக்கே பேசி எழுதிக்கொள்ளுங்கள். மாமி காசைச் செலவழித்திருந்தால் திருப்பிக் கொடுக்கத் தவணை கேளுங்கள். தம்பி, நீங்களும் அவகாசம் கொடுங்கள். சண்டை வரும் முன் பேசினால் ஒரு பிளேன்டீயோடு முடியும் விடயம் இது.

யா அல்லாஹ், எங்கள் மழையை எங்களுக்குப் பயனுள்ள மழையாக ஆக்குவாயாக. எங்கள் மரங்களிலும் எங்கள் கொடுக்கல் வாங்கலிலும் பரக்கத்தைத் தருவாயாக. ஆமீன்.

வாசித்தவர்கள், முகநூல் பார்க்காத வீட்டுப் பெரியவர்களுக்கும் யாவாரிமாருக்கும் வாயாலேயே எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் வளவில் இந்த வருடம் முதல் பூ எந்தத் திகதியில் தெரிந்தது, என்ன இனம் என்று கீழே எழுதுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தை அதிலிருந்தே தொடங்குவோம்.